சட்டசபைப் படிகள்

அந்த அமெரிக்கரை நான் கும்பிடாத குறைதான். ஆள் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சிப்பாயாய்ச் சண்டைக்குப் போய், ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்து, பிறகு தேர்தலில் நின்று சட்டசபைக்குப் போனவர். ஸ்காபரோவில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, ஆளுக்கொரு பெரியவரின் வாழ்க்கையைப் பேசச் சொல்லி ரீச்சர் சீட்டெடுக்க வைத்தா. எனக்கு வாய்த்தவர் இவர்.

"கனடாவிலை ஆக்கள் இல்லையாமோ?" என்று அம்மா கேட்டா.

பேசிப் பழகுகையில் கேட்க வீட்டில் மாமா மட்டும்தான் இருந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் ஷெல் விழுந்து அவருக்கும் ஒரு கால் போயிருந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த பொய்க்கால் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அவர் ரீவிக்கு முன்னால் கிடந்தார். வெளியே கூப்பிட்டால், "குளிர் விடட்டும்" என்பார். ஆடி மாதத்திலும் அதே பதில்தான்.

ஒருநாள் நான் சண்டைக் கட்டத்தைக் கையைக் காலை ஆட்டி முழங்கிக்கொண்டிருந்தேன்.

"உந்தச் சண்டையை விடு பிள்ளை. சட்டசபையிலை படி இருந்திருக்குமெல்லே, உவன் எப்பிடி ஏறினவன்?"

புத்தகத்தில் அது இல்லை. "ஆரும் தூக்கிக்கொண்டு போயிருப்பினம்," என்றேன்.

மாமாவுக்கு வந்ததே கோபம்! "விசர்க்கதை கதையாதை. சனம் வோட்டுப் போட்டு அனுப்பின ஆளை, குழந்தைப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டோ போறது? ஏறியிருப்பான்."

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கட்டிலுக்குக் கீழே பொய்க்காலைக் காணவில்லை. அப்பார்ட்மென்ற் மாடிப்படியில் டக், டக் என்று சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டது.

பேச்சு, பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில். பழைய கட்டடம், லிஃப்ற் இல்லை. மாமா அப்பாவோடு வருவதாய்ச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளும் காலியாகவே இருக்க, நான் வாசலைப் பார்த்துப் பார்த்துப் பேசி முடித்தேன். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது.

எல்லாரும் எழும்புகிற நேரம், மாமா வாசலில் வந்து நின்றார். மாரி காலத்துக் குளிரில் மனுஷனுக்கு வேர்த்து ஊற்றியது. பின்னால் கையை நீட்டிக்கொண்டு வந்த அப்பாவை, "தொடாதேங்கோ அத்தான்!" என்று அதட்டினார்.

"ஏறீட்டன் பிள்ளை!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் முடிஞ்சுது மாமா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மா அத்தனை பேருக்கு முன்னாலும் விம்மி விம்மி அழுதா. எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. அவவின் கையைத் தடவிச் சொன்னேன்:

"அழாதேங்கோ அம்மா. அடுத்தமுறை நான் கட்டாயம் பரிசெடுப்பன்."