பூட்டிக் கிடந்த கடையின் கண்ணாடி

ஆடி மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் புதுக்கடை திறப்பதில்லை. அதனாலேயே, எடுத்த கடையைக் கழுவித் துடைக்க அது வசதியான மாதம். என் தங்கை அருப்புக்கோட்டைக் கடைவீதியில் தன் முதல் கடையின் சாவியை ஆடி பிறந்ததும் வாங்கினாள். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சித் திறப்பதாகத் திட்டம். இன்னொருவருடைய ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டியே தலை நரைத்தவள் அவள். இனித் தன் கடையில் விரிக்கப் போகிறாள்.

கடையின் முன்பக்கம் நடுவில் ஷட்டர். அதன் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் போகும் இரண்டு கண்ணாடிகள். ஷட்டர் வாசலுக்கு மட்டும்தான். கண்ணாடிகளுக்கு மறைப்பு எதுவும் இல்லை. சொந்தக்காரர்களுக்குள் பாகப்பிரிவினை முடியாமல் கடை பல வருடம் பூட்டிக் கிடந்தபோது, வெயில், புழுதி, மாடித் தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர், ஊராரின் போஸ்டர் என்று எல்லாவற்றையும் இந்த இரண்டும்தான் வாங்கிக்கொண்டன. இடது கண்ணாடி உப்புப் பூத்து வெளுத்திருந்தது. வலது கண்ணாடியில் கண்ணாடியே தெரியவில்லை, காகிதம்தான் தெரிந்தது.

முதல் நாள் தங்கை ஓர் அரக்குச் சேலையை இடது கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டு, என்னை வீதிக்கு அனுப்பினாள். அங்கிருந்து பார்த்தால் சேலையில் சாம்பல் தூவியது போலிருந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"அழுக்கா இருக்கு."

"அழுக்கா இருந்தாக்கூடப் பரவாயில்லயே. பழைய ஸ்டாக்கு மாதிரில்ல இருக்கு," என்றாள்.

தறி ஓடும் ஊரில் இதைவிட மோசமான பெயர் ஒரு சேலைக்குக் கிடையாது. அதோடு, அந்தக் கடைக்கே ராசியில்லை என்று வீதியில் ஒரு பேச்சும் இருந்தது. முன்பு அங்கே பள்ளிச் சீருடைத் துணி விற்றவர் திடீரென்று இறந்துபோனார். அதன்பின் கடை திறக்கவேயில்லை. திறக்காததற்குக் காரணம் கோர்ட்டில் இருந்தது. ஆனால் வீதிக்குக் கோர்ட்டைவிட ராசி எளிதாகப் புரியும். மூடிக் கிடந்த கடை என்ற நினைப்பே வராத அளவுக்குக் கண்ணாடி தெளிய வேண்டும் என்பதில் தங்கை பிடிவாதமாக இருந்தாள். கடைக்குள் ஏறும் முதல் ஆள் தயங்கக் கூடாது என்பதுதான் அவளுடைய கவலை.

அவளும் நானும் கழுவ ஆரம்பித்தோம். பின்பக்கம் போர்வெல் தண்ணீர் இருந்தது. வாளி வாளியாக அடித்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்தோம். ஈரமாக இருக்கும்வரை கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆடிக் காற்று பந்தல்குடிப் பக்கத்துக் கரிசல் புழுதியோடு வந்து அதைக் காயவைத்ததும் முன்னைவிட வெளுப்பாகிவிட்டது. மறுநாளும் அதையே செய்தோம். எதிரே டீக்கடை வைத்திருப்பவர் பாய்லருக்குப் பின்னாலிருந்து கேட்டார்:

"என்னக்கா, கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீகளா?"

அவர் சொன்னது கிட்டத்தட்டச் சரி. உப்புக் கறையை உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தோம். வெளியூர்க்காரர் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது இரண்டு வேறு பொருள்கள். குழாயில் முறை வைத்து வரும் நல்ல தண்ணீர் குடிக்க, சமைக்க. உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். கழுவுவது என்றால் கை தானாகவே உப்புத் தண்ணீருக்குத்தான் போகும். தப்பு புரிந்த பிறகும் தங்கைக்கு மனம் வரவில்லை. "நடு வீதியில நின்னு நல்ல தண்ணிய கண்ணாடியில ஊத்துனா, பாக்குறவுக காறித் துப்புவாக," என்றாள்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். அடுத்த கட்டடத்தில் ஓர் ஏடிஎம். அதன் ஏசிக் குழாய் சொட்டும் இடத்தில் சுவரில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. உப்பின் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவள், குழாய்க்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுபோய் வைத்தாள். பழைய புளியைக் கரைத்துக் கண்ணாடியில் பூசி ஊறவிட்டாள். குத்துவிளக்கைப் பளபளக்க வைப்பது கண்ணாடியை வைக்காதா என்பது அவள் கணக்கு. ஹார்டுவேர் கடையில் கொடுத்த ஆசிட்டை ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருந்தோம். அலுமினியச் சட்டம் நுரைத்ததால் அதை மூடி வைத்தாயிற்று. புளியைத் தேய்த்து, ஏசித் தண்ணீரால் அலசி, பழைய நாளிதழைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். நான் பல வருடம் மதுரையில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தியவன்.

"தொடைங்க. நீங்க எழுதுனது இப்பத்தான் ஒரு உருப்படியான வேலைக்கு ஆகுது."

இடது கண்ணாடி தெளிந்தது. முழுவதும் இல்லை. தொட்டித் தண்ணீர் நேராக விழுந்த கீழ்ப்பகுதியில் முறம் அகலத்துக்கு ஒரு வெளுப்பு அப்படியே நின்றுவிட்டது. நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படவில்லை. கறை கண்ணாடியின் மேல் இல்லை, கண்ணாடியையே அரித்திருந்தது. அதை மறைக்க அந்த உயரத்துக்கு உள்ளே ஒரு பெஞ்சு போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

வலது கண்ணாடிக்கு வேறு வேலை. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் கலந்து ஒட்டிய போஸ்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அட்டை போல் தடித்திருந்தன. ஈரச் சாக்கை அவற்றின் மேல் போர்த்தி ஊறவைத்து, பிளேடால் ஓரத்தைக் கிளப்பி உரித்தோம். மேலாக ஒரு டியூஷன் சென்டர். அதன் கீழே கட்சி மாநாடு. அதற்கும் கீழே அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், ஒரு காதுகுத்து, இன்னொரு கட்சி. கடைசித் தாளில் கறுப்புக் கரை போட்டுக் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஒரு முகம்.

தங்கை பிளேடைக் கீழே வைத்தாள். அவளுக்கு அவரைத் தெரியும். சீருடைத் துணிக்காரர். மேலே ஒட்டியவர்கள் எல்லோரும் சேர்ந்து அவரை வெயிலிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தார்கள். சட்டையின் நீலம் கூட மங்கவில்லை.

டீக்கடைக்காரர் வீதியைக் கடந்து வந்தார். "நம்ம அண்ணாச்சி," என்றார். "ஒட்டுனதே நான்தான்க்கா. யாவாரிக சங்கத்துல அடிச்சது. மிஞ்சுனத அவுக கடையிலயே ஒட்டிட்டோம்."

"இப்ப நீங்களே எடுத்துருங்களேன்."

"ஏன்க்கா, நான் நல்லா இருக்குறது பிடிக்கலயா?"

இறந்தவர் போஸ்டரை இங்கே யாரும் கிழிப்பதில்லை. மழை கரைத்துக்கொண்டு போகும், அல்லது அடுத்த போஸ்டர் மூடும். அதுவரை விட்டுவிடுவதுதான் வழக்கம். மழைக்குக் காத்திருக்கலாமே என்று டீக்கடைக்காரர் யோசனை சொன்னார். "மழையா? இந்த ஊருலயா?" என்றாள் தங்கை. ஆனால் சிரிக்கவில்லை. அந்த முகத்தை வைத்துக்கொண்டு கடை திறக்க முடியாது. பிளேடால் சுரண்டிவிட்டுத் திறந்தால் வீதி முழுக்க அதைத்தான் பேசும்.

சாயங்காலம் இருவரும் அவருடைய மனைவியைப் பார்க்கப் போனோம். பின்தெருவில்தான் வீடு. கணவர் போன பிறகு அந்த அம்மா கடைவீதிப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றாலும் சுற்றுவழியில்தான் போவார். நாங்கள் போனபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தக் கடைய நான்தான் எடுத்திருக்கேன்," என்று தங்கை ஆரம்பித்தாள்.

"தெரியும். ராசியில்லாத கடைய எடுத்திருக்கா, பாவம்னு ஊரே சொல்லுதே." அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அந்த மனுசன் கடையால சாகல தாயி. நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு நாளா சொன்னாரு. பள்ளிக்கூடம் தொறக்குற நேரம், யாவாரம் போயிரும்னு ஆசுபத்திரிக்குப் போகல. அதுக்குக் கடை என்ன செய்யும்?"

தங்கை போஸ்டர் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா நறுக்குவதை நிறுத்தினார்.

"எந்தப் படம்? முழிய உருட்டிக்கிட்டு இருப்பாரே, அதுவா?"

தங்கை மெல்லத் தலையாட்டினாள்.

"அதுதான். லோனுக்கு எடுத்த படம். சங்கத்து ஆளுக அவசரத்துல அலமாரியத் தொறந்து, கைக்கு வந்தத எடுத்துட்டுப் போயிட்டாக. எவ்வளவு லட்சணமான மனுசன் தெரியுமா? ஊரு பூரா திருட்டுப்பய மாதிரி முழிக்க விட்டுட்டாக. அதப் பாக்கச் சகிக்காமத்தான் நான் அந்தப் பக்கம் வாறதில்ல. எல்லாரும் துக்கம்னு நெனச்சுக்கிட்டாக." அடுத்த வெண்டைக்காயை எடுத்தபடி, "துக்கமும்தான்," என்றார்.

அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. சாவுச் செய்திக்கு வரும் படங்களை மேசையில் நிறையப் பார்த்தவன் நான். வீட்டார் அழுதுகொண்டிருக்கும்போது அலமாரியைத் திறப்பவர் கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ, அதுதான் ஒருவருடைய கடைசி முகம்.

"பிளேடால சொரண்டாதீக. காலையில நானே வாரேன்," என்றார்.

சொன்னபடி வந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு. அதில் வீட்டு நல்ல தண்ணீர். கீழே ஏசித் தண்ணீர் வாளி இருந்ததைத் தங்கை காட்டினாள். "இருக்கட்டும். அவுக இதைக் குடிச்சுத்தான் பழக்கம்," என்று செம்பிலிருந்தே கையில் ஊற்றி ஊற்றி நனைத்தார். ஊறிய காகிதத்தை விரல் நுனியால் உருட்டி எடுத்தார். முழுதாக வரவில்லை, நெற்றி தனியாக, காலர் தனியாகத்தான் வந்தது. எடுத்து முடித்ததும் கூழ் உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். வாசலில் குப்பைக்கூடை இருந்தது. அதில் போடாமல், காலியான செம்புக்குள் போட்டுக்கொண்டார்.

மிச்சப் பசையைத் தங்கை துடைத்தெடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தாள். அந்த அம்மா வீதியில் நின்று உரக்கச் சொன்னார்: "மாம்பழக் கலரு, பச்சைக் கரை... அது மயில் கழுத்து... அடுத்ததச் சரியா பிடி தாயி, அரக்கா, காவியா?"

"அரக்குக்கா!"

"அப்பக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

கிளம்பும்போது தங்கை அவரைப் போணி செய்ய அழைத்தாள். முதல் விற்பனைக்குக் கைராசிக்காரர்களைத் தேடி அழைக்கிற வீதி இது. கணவனை இழந்தவரை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த அம்மா செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லு," என்று மட்டும் சொல்லிப் போனார். தங்கை மறுநாளே பின்தெருவுக்குப் போய் மறுபடியும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆவணியில் பால் காய்ச்சியாயிற்று. நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கை முன்பு வேலை பார்த்த இடத்தின் பழைய வாடிக்கைப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். பாலைக் குடித்தார்கள். கண்ணாடியைப் பாராட்டினார்கள். சேலைகளைத் தொட்டும் பார்த்தார்கள். வாங்குவதை மட்டும் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே நின்றார்கள்.

அந்த அம்மா கடைவீதி வழியாகவே வந்தார். நேரே உள்ளே ஏறி, மாம்பழக் கலர்ச் சேலையை எடுக்கச் சொல்லி, முந்தியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "எனக்குக் கட்ட இல்ல, மருமகளுக்கு," என்று பொதுவாகச் சொன்னார். பிறகு விலையைக் குறைக்கச் சொல்லி ஆரம்பித்தார். தங்கையும் விடவில்லை. போணி நேரத்தில் பேரம் பேசலாமா என்று இவள் கேட்க, பேரம் பேசாமல் போணி என்ன போணி என்று அவர் கேட்க, குரல் வீதிவரை வந்தது. கடைசியில் சேலையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மூவரில் இரண்டு பேர் எதுவும் வாங்காமல் படியிறங்கிவிட்டார்கள். தங்கை அவர்கள் போவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாமவர் மட்டும் நகரவில்லை.

"ஏம்மா, அவுக எடுத்த மாதிரியே மாம்பழக் கலரு இன்னொன்னு இருக்கா?"

அந்த நிறத்தில் இருந்தது அது ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

"இருக்குக்கா, உக்காருங்க," என்றாள் தங்கை, வேறொரு சேலையை விரித்தபடி.