ஷிப்ட் மாறியவன்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. யூகேஜி படிக்கும் மகள். பண்ருட்டியிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பி. வேறு யாரும் இல்லை.

எனக்கு வார லீவு. டிவியில் மகள் தினமும் பார்க்கும் பொம்மைப் படம் ஓடியது. மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் பறந்து போய்க் கெட்டவர்களைப் பிடிப்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை.

சுரங்கத்தில் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை. நிலக்கரி ஓடும் பெல்ட் ஓரம் சிந்தும் கரியை அள்ள வேண்டும். அதுவரை செகண்ட் ஷிப்ட். மகள் தூங்கிய பிறகுதான் வருவேன்.

மனைவி தம்பியிடம் சொன்னாள்: "நாளையில இருந்து மாமா ஷிப்ட் மாறுறாருடா. மூணு மணிக்கே வந்துடுவாரு."

மகள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் மூன்று மணிக்கு வந்தேன். மகள் வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் உள்ளே ஓடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் சோறு ஊட்டினாலும் வாய் திறக்கவில்லை. நடுவில் படுப்பவள் அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்தாள். மூன்று நாள் இப்படி.

எனக்கு மச்சான்மேல் சந்தேகம். அவன் வந்ததே அக்காவைக் கூட்டிப் போகத்தான். "இந்தக் கான்ட்ராக்ட நம்பிகினு எத்தன நாளு மாமா? முந்திரி கம்பெனில ஆளு கேக்குறாங்க. அக்காவும் பாப்பாவும் அங்க வந்து இருக்கட்டும்" என்று வந்த அன்றே சொன்னான்.

மனைவிக்கும் மனசு அசைந்தது. "புள்ளைய பாத்தீங்களா? ஒங்ககிட்ட ஒட்டவே மாட்டேங்குது. அங்க போனாலும் ஏங்காது போலருக்கு" என்றாள்.

அவன் மகளிடம் குசுகுசுவென்று பேசுவதைப் பார்த்தேன். நான் போனதும் நிறுத்தினார்கள். கேட்டுவிட்டேன்.

"புள்ளைக்கி என்னடா சொல்லிக் குடுக்குற?"

"நான் என்ன சொல்லிக் குடுக்குறேன்? அதுதான் என்னைய கேக்குது, இவரு யாரு மாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒங்கப்பான்னுதான் சொன்னேன். நம்ப மாட்டேங்குது. ஒங்க மூஞ்சி அப்புடி."

அவனை நான் நம்பவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம், லீவன்று ஓடிய அதே கதையை டிவியில் திரும்பப் போட்டார்கள். மகள் அம்மா மடியில். நானும் உட்கார்ந்து பார்த்தேன்.

அதில் ஒரு கெட்டவன். யார் உருவத்துக்கும் மாறுவான். அதற்கு அந்தப் படத்தில் ஷிப்ட் என்று பேர். ஒரு வீட்டுக்கு அப்பா உருவத்தில், வரக்கூடாத நேரத்தில் வருகிறான். மஞ்சள் அங்கிக்காரி கத்துகிறாள்: "ஜாக்கிரதை! அவன் ஷிப்ட் மாறிட்டான்!"

எங்கள் ஊரில் ஷிப்ட் என்றால் ஒன்றுதான். மனைவியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கெட்டவன் வேவு பார்த்து வந்தவன். அந்த வீட்டுப் பிள்ளையின் செருப்பு அளவு முதல் எல்லாம் தெரியும். பிள்ளை கேட்டதற்கெல்லாம் டக்கென்று சொன்னான். அதிலேயே மாட்டிக்கொண்டான்.

மகளிடம் சொன்னேன். "ஷிப்ட்னா வேல நேரம் பாப்பா. நான் ஒங்கப்பாதான்."

"அவனும் அப்படித்தான் சொன்னான்."

"சரி, என்ன பண்ணணும்?"

"கேள்வி கேப்பேன்."

"கேளு."

"எங்க மிஸ் பேரு என்னா?"

தெரியவில்லை.

"எனக்கு எந்தப் பல்லு ஆடுது?"

பல் ஆடுவதே தெரியாது.

"ஸ்கூல்ல என் பக்கத்துல யாரு ஒக்காருவா?"

"தெரியல."

மச்சான் சிரித்தான். "மாமா, பெயிலு." மனைவி சிரிக்கவில்லை. மகள் விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதோடு பண்ருட்டிதான் என்று நினைத்தேன்.

கேட்டு முடித்து, இறங்கி வந்தாள். என் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"அவனுக்கு எல்லாம் தெரியும். இவருக்கு ஒண்ணும் தெரியல. எங்கப்பாதாம்மா" என்று மடியில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை மச்சான் தனியாகத்தான் பஸ் ஏறினான். "பாப்பா இருக்கட்டும்டா" என்று மட்டும் சொன்னாள் மனைவி.

மகள் கேட்டது ஒன்பது கேள்வி. எனக்குத் தெரிந்தது இரண்டு. தலை குனிந்ததில் அதையும் சொல்லாமல் விட்டிருந்தேன்.