பித்தளைப் புகைபோக்கி

எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டு ஷோகேஸில் இரண்டு நீராவி எஞ்சின் பொம்மைகள் இருந்தன. ஒன்று அம்மாவோடு பிறந்த ராஜபாளையத்து மாமா செய்தது. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்த அவர், மீந்த பித்தளைத் துண்டுகளைக் கடைந்தும் பற்றவைத்தும் ஒரு வருடம்போல உட்கார்ந்து அதைச் செய்து, அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்துவிட்டுப் போன அப்பா, அடுத்த லீவுக்கே டெல்லியிலிருந்து இன்னொன்று வாங்கிவந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தார். அவர் வாங்கியது அச்சில் வார்த்தது. கறுப்பு பெயின்ட், சிவப்புச் சக்கரம், எறும்பளவு எழுத்தில் நம்பர்கூட உண்டு. மாமாவுடையதில் அரம் போட்ட கோடுகள்தான் தெரியும். ஆனால் தூக்கினால் கை தாழும்.

அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. கல்யாணப் பந்தியில் ஏதோ வார்த்தை தடித்துவிட்டதாம். எது நல்லாருக்கு என்று இருவரும் தனித்தனியே என்னிடம் கேட்பார்கள். கேட்பவருடையதே நல்லது என்று சொல்லிவைப்பேன். உண்மையில் எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் ஒருநாள் இரண்டையும் பின்பக்கத்தோடு பின்பக்கம் நூலால் கட்டி, மேஜைமேல் எதிரெதிர்த் திசையில் தள்ளினேன். பித்தளை ஓரத்தைத் தாண்டி விழுந்து, மற்றதையும் இழுத்துக்கொண்டு போனது. பித்தளைக்கு ஒரு மூலை நசுங்கியது, அவ்வளவுதான். அப்பாவுடையதற்குப் புகைபோக்கி முறிந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் மணல்மணலாகத் தெரிந்தது.

அப்பா கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. அவர் அடிப்பார் என்ற பயமில்லை. மாமா ஜெயித்துவிட்டதாக அப்பா நினைத்துவிடுவாரே என்றுதான் பயம்.

மறுநாள் மாமாவின் கைக்குழந்தையைப் பார்க்க அம்மா புறப்பட்டபோது, உடைந்ததைப் பையில் ஒளித்துக்கொண்டு கூடவே போனேன். மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். படவில்லை.

“ஏட்டி, பித்தளைன்னா செத்த நேரத்துல பத்த வச்சிருவேன். இது துத்தநாகக் கலவை. சூடு காட்டுனா மொத்தமும் உருகிப் போயிரும்.”

மில்லுக்கு எடுத்துப்போனார். சாயங்காலம் பித்தளையில் ஒரு புகைபோக்கி கடைந்து, ஸ்க்ரூவில் முறுக்கி, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார்.

“ஒங்கப்பாட்ட சொல்லிராத. ஒடைஞ்சதே தெரிய வேண்டாம்.”

கிளம்பும் நாளன்று அப்பா எஞ்சினைத் துடைத்தார். புகைபோக்கியில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டினார், மஞ்சள் தெரிந்தது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சொல்லாதே என்றதையும் சேர்த்து. அப்பா புகைபோக்கியை லேசாக முறுக்கிப் பார்த்தார்.

“நல்லாப் பொருந்தியிருக்கு” என்று மட்டும் சொல்லி, சுரண்டிய பக்கம் தெரியாதபடி திருப்பி வைத்தார்.

அடுத்த லீவுக்கு அப்பா வந்த காலையில், நானும் அம்மாவும் எங்களூர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் காத்திருந்தோம். ரயில் வந்தது. அப்பா இறங்கவில்லை. ரயில் அடுத்த ஊரான ராஜபாளையத்தைப் பார்த்துப் போய்விட்டது. அம்மா போன் அடித்தாள்; எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் பத்து மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மாமாவின் பைக் வந்து நின்றது. பின்னால் அப்பா, மடியில் பையோடு. இருவரும் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டே வந்திருந்தார்கள்.

“கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ராஜபாளையம்” என்றார் அப்பா. மாமா தலையைக் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா காபி போட அடுக்களைக்குப் போனாள். வெளியே வர வெகுநேரமானது.

அப்போது நான் அதை அப்படியே நம்பினேன். எல்லையில் கண்விழித்துக் காவல் காக்கிறவர் சொந்த ஊரைத் தூங்கித் தவறவிடுவதா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமும் அதைச் சொல்லவில்லை.