எல்லைக்கு மேலே கிடைத்த பல்

அந்தப் பல் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. விளிம்பில் ரம்பம்போல் நுண்ணிய வெட்டுகள். என் அக்காவின் கணவர் அதைப் பஞ்சில் பொதிந்து, ஒரு மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில், ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம், திருத்தணியில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். தெருவில் காவடிகளுக்கு முன்னால் பம்பை முழங்கிக்கொண்டிருந்ததால் அவர் உரக்கப் பேசவேண்டியிருந்தது.

அவரை நான் பாவா என்றழைப்பேன். சென்னைக் கல்லூரி ஒன்றில் நிலவியல் விரிவுரையாளர். தினமும் ரயிலில் போய்வருவார். பல்லை அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தில் எடுத்திருந்தார். பாறை அடுக்குகளில் கீழிருப்பது பழையது, மேலிருப்பது புதியது. ஓர் அடுக்கோடு டைனோசர் எலும்புகள் நின்றுபோகின்றன. வானிலிருந்து விழுந்த கல் அழித்ததா, எரிமலைகளா, அழிவுக்குப் பின்னும் சில பிழைத்திருந்தனவா என்று விஞ்ஞானிகள் சூடாக விவாதித்த காலம் அது. பாவாவின் கையிலிருந்த டைனோசர் பல் அந்த எல்லைக்கு மேலே கிடைத்திருந்தது; அப்படியானால் சில பிழைத்திருக்கவேண்டும்.

அவருடைய துறைத்தலைவர் ஏற்கவில்லை. ஆறு பழைய அடுக்கை அரித்து, பல்லைக் கொண்டுவந்து புதிய சேற்றில் போட்டிருக்கும் என்றார். அப்படி உருண்டு வந்திருந்தால் விளிம்பு மழுங்கியிருக்குமே என்பது பாவாவின் பதில். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படிக்கவேண்டும். பல வருடங்களாகத் தள்ளிப்போன பதவி உயர்வு அதை நம்பியிருந்தது. அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

கிருத்திகைக்கு உறவினர்கள் வருவார்கள் என்று கொல்லையில் குளியலறைத் தண்ணீருக்குக் குழி வெட்ட வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் கூலிக்கு ஆள் கிடைக்காது. பாதிப்பேர் காவடி எடுக்கப் போயிருந்தார்கள். பாவாவே கடப்பாரையை எடுத்தார். சற்றுத் தோண்டியதும் ராஜா தலை போட்ட பழைய காசு ஒன்று வந்தது. அதற்கும் கீழே, உடைந்த பிளாஸ்டிக் சீப்பு.

அக்கா சிரித்துவிட்டாள். “இன்னாங்க, பிளாஸ்டிக் சீப்பு வந்தப்புறமும் இந்த ராஜாவே ஆண்டுகினு இருந்தாரா? உங்க பல்லுக் கணக்குல அப்டித்தானே வருது!”

“பழைய வீட்டு மண்ணு அக்கா அது” என்றேன். எங்கள் பக்கத்தில் பழைய வீட்டை இடித்தால் மண்சுவரை வீணாக்கமாட்டார்கள். புதுவீட்டின் தரையையும் கொல்லையையும் மேடாக்க அதைத்தான் கொட்டுவார்கள். எந்தச் சுவரிலோ செருகியிருந்த காசு கூடையோடு வந்திருக்கிறது.

பாவா சிரிக்கவில்லை. காசை வேட்டியில் துடைத்து, ராஜாவின் மூக்கை நகத்தால் தடவிப்பார்த்தார்.

“தேயவே இல்ல பாரு. கட்டி மண்ணோட சேந்து வந்திருக்குது. உருண்டு வந்தாத்தானே தேயும்?”

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். குழி அன்று பாதியில் நின்றது.

கருத்தரங்கில் அவர் படித்தது வேறு கட்டுரை. கூர்மையான விளிம்பு மட்டும் சாட்சியாகாது, பழைய மண்கட்டிக்குள் பொதிந்தும் பல் வந்திருக்கலாம், இந்த ஒரு பல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்று எழுதியிருந்தார். பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பின்னர் வெளிநாடுகளிலும் அத்தகைய எலும்புகளைக் காட்டிச் சிலர் வாதாடினார்கள். அதே மறுப்பு அவர்களுக்கும் எழுந்தது. டைனோசர் வம்சத்தில் பறவைகள் மட்டுமே தப்பின என்பதே இன்று பெரும்பாலோர் முடிவு. அழிவுக்குப் பின்னும் வேறு சில எஞ்சின என்ற பேச்சு இன்னும் முழுதாக ஓயவில்லை.

பாவா விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். பதவி உயர்வு கைநழுவிய அந்த வருடம் அக்கா அவரிடம் சண்டையிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“நான் வெளையாட்டுக்குச் சொன்னதுக்கா இப்டிப் பண்ணீங்க? அந்தக் காசு நம்ம கொல்லையில வந்தது. மெட்ராஸ்ல எவனுக்குத் தெரியப்போவுது?”

“ஆங், எவனுக்கும் தெரியாது” என்றார் பாவா. “நான் பாத்துட்டேனே.”