அறுநூறும் பதினெட்டும்

செல்வலட்சுமி குக்கரைத் தூக்கி எறிந்தாள் என்றால் அவளைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். சுங்குவார்சத்திரத்துக்கு வந்து ஏழு வருஷமாகிறது. கம்பெனி பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்துவிட்டால், மிதித்தவர்களிடம் இவள்தான் மன்னிப்புக் கேட்பாள். அப்படிப்பட்டவள் எறிந்த குக்கர் கதவில் மோதி, மூடி தனியாகக் கழன்று, மாடிப்படியில் உருண்டு இறங்கி, கீழே வீட்டுக்கார முனியம்மாளின் காலடியில் போய் நின்றது. குக்கர் காலியாக இருந்ததால் யாருக்கும் சூடு படவில்லை. அது காலியாக இருந்ததுதான் சண்டைக்கே காரணம்.

ஷிப்ட் முடிந்து முதலில் வருகிறவள் உலை வைக்க வேண்டும். அந்த அறைக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். அன்றைக்கு முதலில் வந்தவள் தங்கமாரி. வந்தவள் கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல் மெத்தையில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் இப்படித்தான்.

முனியம்மாள் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம்.

"நீங்க சத்தம் போடாத புள்ளைங்கன்னுதான் வூடு குடுத்தேன். இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா ரெண்டு பேரும் காலி பண்ணிக்கினு போய்க்கினே இருங்க" என்றாள்.

அறை போனால் போகட்டும், வேறு அறை பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லலாம். கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு, நேரம் காலம் இல்லாமல் வந்து போகிற ஷிப்ட்காரிகளுக்கு, இந்தச் சாலையில் தனி அறை கொடுக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த அறை போனால் செல்வலட்சுமி தன் கம்பெனி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும், தங்கமாரி தான் வேலை பார்க்கிற இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கூட்டத்தில் போய் ஒண்ட வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பெஞ்சில் படித்து, ஒரே பஸ்ஸில் ஏறி வந்தவர்கள். இருவரும் பிரிய நேர்ந்தால் அதற்குக் காரணம் தன் வாயும் கையுமாகத்தான் இருக்கும் என்பது செல்வலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

எல்லாம் வந்த வழி இதுதான். வருஷ ஆரம்பத்தில் செல்வலட்சுமிக்கு அசதி. தலை வாரினால் சீப்பு நிறைய முடி, பஸ்ஸில் உட்கார்ந்தால் காரணமில்லாமல் அழுகை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ரத்னா ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி அறுநூறுக்கு மேல் இருந்தது. உடம்பைக் காவல் காக்கிற ஆன்டிபாடி வெளியிலிருந்து வருகிற கிருமியை அடிக்க வேண்டும், உனக்கு அது ஆள் தெரியாமல் உன் தைராய்டையே அடிக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அடி வாங்கிக்கொண்டே அந்தச் சுரப்பி இன்னும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அதனால் இப்போது தைராய்டு மாத்திரை வேண்டாம், இரண்டு மாதம் கழித்து வா, திரும்பப் பார்க்கலாம் என்றார். ரத்தம் குறைவாக இருக்கிறது, அசதிக்கு அதுவும் காரணமாக இருக்கும் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வந்த வியாதிக்கு மாத்திரை எழுதாத டாக்டரை இந்த நெடுஞ்சாலையில் யாரும் டாக்டராக ஒத்துக்கொள்வதில்லை. உடம்புக்குள் ஒரு கலவரமே நடக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து வா என்றால் என்ன அர்த்தம்? செல்வலட்சுமி அறைக்கு வந்து அழுதாள். இரும்புச்சத்து மாத்திரை அலமாரியில் ஏறி உட்கார்ந்ததோடு சரி.

தங்கமாரிக்கு மூன்று வருஷமாகத் தைராய்டு உண்டு. மருந்தகத்தில் மாதாமாதம் எண்ணிக் கொடுக்கிற மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அழுதுகொண்டிருந்தவளின் முன்னால் அந்த டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கும் இதே சீக்குதானட்டி. பாதி நீ போடு, பாதி நான் போடுதேன்" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். அந்த அறையில் வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அங்கே எனது, உனது என்று எதுவும் கிடையாது. ஷாம்பு, கம்மல், சார்ஜர், ஊரிலிருந்து வருகிற கருவாடு எல்லாமே பொது. மெத்தைகூட ஒன்றுதான். நைட் ஷிப்ட்டுக்கு ஒருத்தி எழுந்து போன சூட்டில் இன்னொருத்தி வந்து படுப்பாள். மெத்தையையே பங்கு போட்டவர்கள் மாத்திரையையா விட்டுவைப்பார்கள்?

முதலில் பாதிப் பாதியாகப் போட்டார்கள். செல்வலட்சுமிக்கு அசதி பறந்துபோனது. ஓவர்டைம் கேட்டு வாங்கினாள். பார்த்தாயா, டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னதையும் அதோடு விட்டுவிட்டாள். அடுத்து தங்கமாரி முழு மாத்திரையாகவே எடுத்துத் தர ஆரம்பித்தாள். உனக்கு என்று கேட்டபோது, எனக்கு இருக்கு, நீ போடு என்று சொல்லிவிட்டாள். செல்வலட்சுமியும் அதற்கு மேல் கேட்கவில்லை. நமக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருக்கும்போது யார்தான் துருவிக் கேட்கிறார்கள்?

பிறகு தூக்கம் போயிற்று. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஏசி ஓடுகிற லைனில் அவளுக்கு மட்டும் வியர்த்தது. லென்ஸுக்கு அடியில் சர்க்யூட் போர்டை வைத்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. அதில் கை இம்மியும் அசையக் கூடாது. கை நடுங்கியது. சூப்பர்வைசர் கோதண்டராமன் நல்ல மனுஷர், ஒரு வாரம் பேக்கிங்கில் இரும்மா என்று தன்மையாகத்தான் சொன்னார். அவரை எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசிவிட்டு, பாத்ரூமில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இவ்வளவுக்கும் காரணம் அந்த ஆன்டிபாடிதான் என்று அவள் முடிவு கட்டினாள். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தாள். ஒருவர் கோதுமையை நிறுத்து என்றார், கேன்டீன் சப்பாத்தியை நிறுத்தினாள். இன்னொருவர் காலிபிளவர் கூடாது என்றார், அதையும் விட்டாள். கோபம் வரும்போதெல்லாம் உள்ளே ஆன்டிபாடி ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். ஏறியதை இறக்க வேண்டுமே என்று மாத்திரையை மட்டும் ஒருநாள்கூடத் தவறவிடவில்லை.

தங்கமாரியோ நேர் எதிராக இருந்தாள். அசைந்து அசைந்து நடந்தாள். சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். குரல் கரகரத்தது, சொன்னது மறந்தது, எந்நேரமும் தூக்கம். இவளுக்கு என் உடம்பைப் பற்றிக் கொஞ்சமாவது அக்கறை இருக்கிறதா என்று செல்வலட்சுமி உள்ளுக்குள் கொதித்தாள். அந்தக் கொதிப்பில்தான் குக்கர் பறந்தது.

குக்கர் பறந்த மறுநாள் சாயங்காலம் செல்வலட்சுமி ஒரு தீர்மானத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். இன்னொரு சண்டை வந்து இருவரும் தெருவில் நிற்பதற்குப் பதில், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்று தங்கமாரியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே படியேறினாள். கதவுக்கு முன்னால் வந்ததும் காஸ் வாடை மூக்கில் அடித்தது.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினாள். பதிலில்லை. இரண்டு கையாலும் கதவை அறைந்து மாரி, மாரி என்று கத்தினாள். கீழேயிருந்து முனியம்மாள் ஓடி வந்து, ஜன்னல் கதவை இழுத்துத் திறந்து கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை எடுத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் திறந்தபடியே இருந்தது. அடுப்புக்கு எதிரே சுவரில் சாய்ந்து, கையில் டம்ளரோடு தங்கமாரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

முனியம்மாள் அடுப்புக் குமிழைத் திருகி மூடினாள். செல்வலட்சுமி தங்கமாரியைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் மெல்லக் கண்ணைத் திறந்து, வந்துட்டியாட்டி, உலை வைக்கணும்னு நெனச்சேன் என்று குழறினாள். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் செல்வலட்சுமி அவள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

தங்கமாரி அழக்கூட இல்லை, கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். முனியம்மாள் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இனி இங்கே சமையல் இல்லை, இருப்பும் இல்லை என்பது அவள் வாய் திறக்காமலே விளங்கியது. வாசலுக்குப் போனவள் நின்று, தங்கமாரியின் முகத்தைத் திரும்பப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள மூஞ்சி இன்னா இப்டி வீங்கிக் கீது? அறைஞ்ச வீக்கம் இல்ல இது. மொதல்ல டாக்டராண்ட இட்டுக்கினு போ. வூட்டு விஷயம் அப்பால பேசிக்கலாம்."

டாக்டர் ரத்னா தங்கமாரியைப் பார்ப்பதற்கு முன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த செல்வலட்சுமியின் கையைத்தான் பிடித்தார். நாடி பார்த்தார். ஓடி வந்தாயா என்று கேட்டார். இல்லை, அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. நான் எழுதிக் கொடுக்காத மாத்திரை எதையாவது போடுகிறாயா என்று கேட்டார். செல்வலட்சுமி தங்கமாரியைப் பார்த்தாள். தங்கமாரி பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

டாக்டருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறவள் வெளியிலிருந்தும் மாத்திரையைக் கொட்டினால் உடம்பு தறிகெட்டு ஓடாமல் என்ன செய்யும் என்றார். படபடப்பு, வியர்வை, நடுக்கம், தூக்கம் கெட்டது, எரிச்சல் எல்லாம் அந்த மாத்திரை செய்த வேலை, இன்றோடு நிறுத்து, அது உடம்பை விட்டு வடிவதற்குச் சில வாரமாகும் என்றார்.

செல்வலட்சுமி விடவில்லை. அப்போ என் கோபத்துக்கு ஆன்டிபாடி காரணம் இல்லையா என்று கேட்டாள். இருந்துவிடாதா என்ற நப்பாசை அவள் குரலில் இருந்தது.

டாக்டர் கொஞ்சம் தணிந்தார். "அந்த ஆன்டிபாடி இருக்கிறவங்க சில பேர் மனசு சோர்வா இருக்குன்னு சொல்றாங்கம்மா. அது எவ்வளவு தூரம் அதனாலதான்னு எங்களுக்கே இன்னும் உறுதியாத் தெரியல. ஆனா அறுநூறுன்னா பெரிய வியாதின்னு அர்த்தம் இல்ல. அடி விழுதுன்னு மட்டும்தான் அது சொல்லும். சுரப்பி வேலை செய்யுதா இல்லையான்னு சொல்றது வேற டெஸ்ட். அது உனக்கு நல்லா இருந்துச்சு."

பிறகு அவர் தங்கமாரியின் பக்கம் திரும்பினார். வீங்கிய கண்ணைப் பார்த்தார், குளிர்ந்த கையைத் தொட்டார். இந்த டப்பா இவளுக்குப் போனால் நீ எதைப் போட்டாய் என்று கேட்டார். தங்கமாரி தலையைக் குனிந்துகொண்டாள். ரெண்டு மாசமா ஒண்ணும் போடல டாக்டர் என்றாள்.

செல்வலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள். ஏட்டி, ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்டாள்.

தங்கமாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஒரு கன்னம் சிவந்திருந்தது.

"மூணு வருசத்துக்கு முன்ன எனக்குப் பாத்தப்ப வெறும் பதினெட்டுதான் இருந்துச்சு. ஒனக்கு அறுநூறுக்கு மேலன்னு வந்து அழுத. யாருக்கு மாத்திர வேணும்னு நீயே சொல்லுட்டி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பதினெட்டு, சுரப்பி படுத்துவிட்டது என்பதைச் சொன்ன வேறு டெஸ்ட்டின் கணக்கு; அந்த டெஸ்ட்டில் ஐந்தைத் தாண்டினாலே அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. அதை அவர் பிறகு மெதுவாக விளக்கினார். தங்கமாரிக்கு ரத்தம் எடுத்தார், நாளைக் காலையிலிருந்து மாத்திரை தொடங்க வேண்டும் என்றார். செல்வலட்சுமிக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

இருவரும் சர்வீஸ் ரோட்டு ஓரமாக நடந்து திரும்பினார்கள். காலை மிதித்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பழகியவளுக்கு, தானே மிதித்த இடத்தில் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வலிக்கா என்று மட்டும் கேட்டாள். இல்லட்டி, தூக்கந்தான் வருது என்றாள் தங்கமாரி.

முனியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். செல்வலட்சுமி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தான் எறிந்தது, அறைந்தது, தங்கமாரி பட்டினி கிடந்ததுபோல் மாத்திரை இல்லாமல் கிடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் சில வாரத்துக்கு எனக்குக் கோபம் வரும் அக்கா, வந்தால் கீழே உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

முனியம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ரெகுலேட்டரைக் கொண்டுவந்து செல்வலட்சுமியின் நடுங்குகிற கையில் வைத்தாள்.

செல்வலட்சுமி அதை வாங்கிக்கொண்டு, தங்கமாரியை முந்திக்கொண்டு படியேறினாள். முதலில் வருகிறவள்தான் உலை வைக்க வேண்டும்.