சிரட்டைக் கரியும் சாம்பல் விகிதமும்

மாதிரி கிடைத்த முப்பது வேலை நாட்களுக்குள் ஆய்வறிக்கை அனுப்பப்படும். தாமதமானால் காரணம் எழுத்துமூலம் தெரிவிக்கப்படும். அரசு ஆய்வுக்கூடத்தின் படிவத்தில் இது ஏழாவது விதி. இப்படிப்பட்ட விதிகளை எழுதியே சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவன் என்பதால் நான் அதை நம்பவில்லை. தாராவியில் டிரம் பட்டறை வைத்திருக்கும் பாய் நம்பினார்.

மாட்டுங்கா ஓட்டல்களில் சட்னிக்குத் துருவியபின் எறியும் சிரட்டைகளைச் சேகரித்து, காற்றுப் புகாத டிரம் சூளையில் கரியாக்கி, நைசாக அரைத்து வைத்திருந்தார். மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் தகடுகளில் பூச அந்தக் கரி உதவும். புனே கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளத் தயார். சாம்பல் குறைவு என்று ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். கிடைக்காவிட்டால் சூளையைப் பிரித்துவிட்டுப் பழையபடி டிரம்களுக்கு ஒடுக்கெடுக்க வேண்டியதுதான்.

பாய்க்காகப் படிவத்தை நான் நிரப்பினேன். பத்து கிராம் மாதிரியை ஒரு டப்பாவில் போட்டு, செம்பூரில் என் வீட்டில் வைத்து நானே முத்திரையிட்டேன்.

முப்பது நாள், நாற்பத்தெட்டு ஆனபிறகு அறிக்கை வந்தது. சாம்பல் அளவுக்கு மிஞ்சி இருக்கிறதாம். பாய் டிரம் துருவைச் சந்தேகித்தார், அரைக்கும் மிஷினைச் சந்தேகித்தார், கடைசியில் ஓட்டல்காரர்களையும் சந்தேகித்தார். மூன்று நாள் பொறுத்துவிட்டு, நான் பட்டறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். முத்திரையிட்ட அன்று ஆயுத பூஜை. டப்பாவையும் பூஜையில் வைத்திருந்தேன். நல்லபடியாக முடியட்டும் என்று, மூடுவதற்கு முன் ஒரு சிட்டிகை விபூதியை உள்ளே போட்டிருந்தேன்.

பாய் அறிக்கையை மறுபடியும் கையில் எடுத்தார்.

"அது சாம்பல்தான சார்?"

"சாம்பல்தான், பாய்."

"நீங்க படிச்சவுக. இதையே நான் செஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பிய?"

"மூணு பக்கத்துக்கு மெமோ குடுத்திருப்பேன்."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "அடுத்த டப்பாவ நாங்களே மூடிக்கிடுதோம், சார். துஆவ வெளியவே ஓதிக்கிடுதோம். உள்ள ஒண்ணும் போட மாட்டோம்."

இரண்டாவது மாதிரியில் என் பங்கு தபால் செலவோடு நின்றது. சூளையைப் பிரிக்காமல் பாய் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். ஏழாவது விதியை மேற்கோள் காட்டி நான் இரண்டு நினைவூட்டல்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, முதலாவது கிடைத்ததாக ஒப்புகை வந்தது.

சாம்பல் வரம்புக்குள் இருக்கிறது, மாதிரி தகுதியானது என்ற பதில் மின்னஞ்சலில் வந்தபோது என் நெற்றி நிறைய விபூதி. அன்று மகாசிவராத்திரி, அரசு விடுமுறை.