பருப்பு வேகாத வருடம்

போன வருடம் புரட்டாசி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பருப்பு வேகவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதக்கணக்கில் வேகவில்லை. இதற்கெல்லாமா ஒருத்தி ஆண்டவருக்குச் சாட்சி எழுதுவாள் என்று சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே அண்டாவில் சமைக்கிறவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

என் பெயர் ரூத். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறேன். எங்கள் கரிசல் பூமியில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். அதில் பருப்பைப் போட்டு எவ்வளவு விறகைத் தள்ளினாலும் நறுக்கு நறுக்கென்றுதான் கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் எங்களுக்கு இருந்தது ஊருணி ஒன்றுதான். மேட்டு நிலத்து மழைத்தண்ணீர் ஓடிவந்து நிறைகிற குளம் அது. அதன் கரையில் செருப்போடு ஏறமாட்டோம். அந்தத் தண்ணீரில் பருப்பு ஒரு கொதியிலேயே மலர்ந்துவிடும். முந்தின வருடம் மழை பொய்த்தது. ஊருணி காய்ந்து, தரை வெடித்துக் கிடந்தது.

"பெரியம்மா, சாம்பார்ல கல்லு கெடக்கு" என்பாள் ஒரு சின்னப் பிள்ளை. கல் இல்லை, பருப்புதான். சமையல்காரி ஏமாற்றுகிறாள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. கணவரை இழந்தபோதுகூட நான் அப்படிக் குன்றிப்போகவில்லை. பிள்ளைகள் சோற்றைக் கொட்டிவிட்டு எழுந்து போவதைப் பார்த்தால் எனக்கும் சோறு இறங்காது.

இங்கே சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஆலய வளாகத்தில், சுற்றுச்சூழல் ஞாயிறு அன்று, ஆண்டவருடைய படைப்பைப் பேணுவோம் என்று ஜெபம் பண்ணி வேம்பும் புங்கையும் நட்டோம். நட்டதை எல்லாம் மாடசாமியின் ஆடுகள் தின்று தீர்த்தன. மாடசாமி எங்கள் பக்கத்துப் புஞ்சைக்காரர், ஆடும் வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவர். எனக்கு வந்த கோபத்தில், மறைந்த என் கணவர் சாமுவேல் நினைவாக ஆலயத்துக்கு மேற்கே ஒரு மதில் கட்டிக் கொடுக்கிறேன் என்று சபையில் எழுந்து சொல்லிவிட்டேன். என் நகையும் சேமிப்பும் அதில்தான் போயின.

கரிசலில் சுவர் நிற்காது. மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், சுவர் வெடித்துவிடும். அதனால் கொத்தனார் ஆழமாகத் தோண்டி, கல்லும் மணலும் போட்டு இறுக்கி, தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் போட்டார். இந்த வட்டாரத்திலேயே வெடிப்பு விடாத சுவர் என்னுடையதுதான் என்று எனக்கு ஒரே பெருமை. சித்திரை மாதத்தில் கட்டினோம். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத்தான் காய்ந்து கிடக்கும். கோவில்பட்டியில் கல்வெட்டு வெட்டி வாங்கி, கணவர் பெயரைச் சுவரின் நடுவில் பதித்தோம். பிரதிஷ்டை அன்று நான் அழுதேன்.

போன ஐப்பசியில் பெண்கள் எல்லோரும் மழைக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தோம். அந்த ஜெபத்தை நடத்தியது நான்தான். மூன்றாம் நாள் மாலை மேற்கே இருண்டது. மழையென்றால் மழை! ஆலயத்தின் தகரத்தில் விழுந்த சத்தத்தில் எங்கள் பாட்டே எங்களுக்குக் கேட்கவில்லை. மறுநாளும் பெய்தது. குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்கு ஓடினோம்.

கணுக்கால் அளவுதான் தண்ணீர் கிடந்தது. வெடிப்பு குடித்துவிட்டது என்றார்கள். பக்கத்து ஊர் ஊருணிகள் எல்லாம் நிறைந்துவிட்டன என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஊர்க் கரிசலுக்கு மட்டும் வெடிப்பு இல்லையா? என் விசுவாசம் அன்றைக்கு ஆடிப்போய்விட்டது. உண்மையைச் சொல்கிறேன். அடுப்பு முன்னால் நின்றுகொண்டே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "மழையைக் கொடுத்தீர், ஸ்தோத்திரம். தண்ணீரை எங்கே கொண்டுபோய் வைத்தீர்? எனக்குக் காட்டும்" என்றேன். ஆண்டவரிடம் அப்படிப் பேசலாமா என்று தெரியாது. பேசிவிட்டேன்.

அடுத்த வாரமே காட்டினார். அன்று காலையிலிருந்து அடைமழை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆலயத்து ஜன்னலைச் சாத்தினோமா என்ற சந்தேகத்தில் குடையோடு போனேன். சுவருக்கு மேற்கே ஏதோ இரைச்சல் கேட்டது. சுற்றிப் போய்ப் பார்த்தேன். என் சுவர் நெடுகத் தண்ணீர் நின்றது. செவல் மேட்டிலிருந்து செக்கச்செவேல் என்று இறங்கி வந்த வெள்ளம், சரியாக என் கணவர் பெயருக்குக் கீழே வந்து முட்டி, வழி இல்லாமல் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே மாடசாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார்.

"என்ன மாடசாமி, இங்கன இம்புட்டுத் தண்ணி நிக்கி?"

"போன மழைக்கே நின்னுச்சு மதினி. ஊருணிக்குப் போற தண்ணிதான். ஒங்க சொவரு மறிச்சு எம் புஞ்சைக்குள்ள திருப்பிட்டு. உளுந்து பூராம் அழுவிட்டு."

"அத எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"கட்டும்போதே சொல்ல வந்தேம்லா. ஆட்டுக்காரனுக்கு இங்கன என்ன சோலின்னு வெரட்டிவிட்டிய. பொறவு அண்ணன் பேரப் போட்டு ஜெபம் பண்ணித் தெறந்தாச்சு. சாமி சொவர இடிங்கன்னு நான் எந்த வாயால சொல்ல?"

ஊரே தாகத்தில் தவித்தது. இந்த மனிதர் உளுந்தை இழந்தார். நான் உள்ளே முழங்காலில் நின்று மழை கேட்டுக்கொண்டிருந்தேன். மரக்கன்றைக் காப்பாற்றுகிறேன் என்று தண்ணீரையே மறித்து வைத்திருக்கிறேன். அந்தச் சேற்றிலேயே நின்று அழுதேன். "மன்னிச்சிரு மாடசாமி" என்றேன். "மழையில நின்னுக்கிட்டு என்னத்த அழுதீய, வீட்டுக்குப் போங்க மதினி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நடந்ததைச் சபையில் சொல்லி, சுவரை இடிக்கவேண்டும் என்றேன். பொருளாளர் எழுந்தார். "ஆண்டவருக்குன்னு குடுத்தத இடிக்கது பாவம் இல்லியா?" என்று கேட்டார். எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. வேறு யார் பெயராவது அந்தக் கல்லில் இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதற்கு முந்தின இரண்டு இரவும் தூக்கமில்லை. ஆனாலும் வாயைத் திறந்தேன். "குடுத்தவ நாந்தான அண்ணாச்சி? நாந்தான் இடிக்கச் சொல்லுதேன். கேட்ட மழைய ஆண்டவர் அனுப்புனாரு. நம்ம வாசல்ல நிறுத்தி வச்சிருக்கோம்" என்றேன். எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார், "கடப்பாரை யார் வீட்ல இருக்கு?" என்று கேட்டார்.

முதல் குத்து நான்தான் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைதான் அதிர்ந்தது. கட்டின கொத்தனாரே வந்து, "நாங் கட்டுன சொவரு அம்புட்டு லேசுல விழாதுக்கா" என்று சிரித்தார். பள்ளமான இடத்தில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வழி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. கல்வெட்டை மாடசாமிதான் கீறல் விழாமல் பெயர்த்து, தன் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்தார். சபையாரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஊருணி வரைக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, புதரில் மறைந்து கிடந்த பழைய வாய்க்காலைத் தூர் எடுத்தோம்.

பிறகு மழை நின்றுவிட்டது. கார்த்திகை பிறந்தும் வானம் வெள்ளையாகக் கிடந்தது. "சொவரும் போச்சு, மழையும் போச்சு" என்று டீக்கடையில் கேலி. இந்த முறை நான் உபவாசக் கூட்டம் எதுவும் போடவில்லை. தினமும் வேலைக்குப் போகும்போது அந்த இடைவெளியில் ஒரு நிமிடம் நின்று, "ஆண்டவரே, வழி விட்டாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேன்.

ஒரு புதன்கிழமை மதியம், பிள்ளைகளுக்கு முட்டை வைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். மாடசாமி எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. சுவர் இடைவெளிக்குள் நுழைந்தது. எங்கும் திரும்பாமல் நேரே ஊருணிக்குப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதன் கூடவே ஓடினோம். நான் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்த, அவர் தன் சாமியைக் கூப்பிட்டுக் கத்தினார். மூன்று மழையில் ஊருணி மேல்படி தொட்டது.

தண்ணீர் தெளிந்த பிறகு முதல் குடம் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தது. பருப்பைப் போட்டேன். கொதி வந்தது. கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கினேன். மாவாகக் குழைந்தது. அண்டா ஆவியில் நின்று அழுதது யாருக்கும் தெரியாது. சாம்பாரில் கல் என்று சொன்ன பிள்ளை அன்று மூன்று தடவை தட்டை நீட்டினாள்.

என் கணவர் பெயர் போட்ட கல் இப்போது ஊருணிக் கரையில் கிடக்கிறது. பெண்கள் குடத்தை அதன்மேல்தான் இறக்கி வைக்கிறார்கள். எழுத்து தேய்ந்துகொண்டு வருகிறது. எனக்கு வருத்தமில்லை. எங்கே நிறுத்தினாலும் நாலு பேருக்கு உதவியாக நிற்கிற மனிதர்தான் அவர்.

இப்போதும் மழைக்காக உபவாசம் இருக்கிறோம். ஆனால் ஆவணியிலேயே மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுக நடந்து பார்த்த பிறகுதான் முழங்கால் போடுகிறோம். அன்பானவர்களே, நீங்களும் கேளுங்கள். தாராளமாகச் சண்டை போட்டுக்கூடக் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கேட்டுவிட்டு, உங்கள் சுவரின் அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஆடுகளா? இடைவெளி வழியாக மறுபடியும் வருகின்றன. ஒவ்வொரு கன்றுக்கும் முள் அடைத்திருக்கிறோம், அப்படியும் இரண்டு புங்கையைத் தின்றுவிட்டன. நான் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டுவேன். மாடசாமி வாய்க்காலில் நின்று சிரிப்பார். கன்றை மறுபடியும் நட்டுக்கொள்கிறேன். அந்த வழியை மட்டும் அடைக்கவே மாட்டேன்.